கூடலேரி எம்.பி.யின் உடம்பு

கூடலேரி நாடாளுமன்றத் தொகுதியில் மாசிலாமணி மூன்றாவது தடவையாக ஜெயித்த அன்று, ஓட்டு எண்ணிய கல்லூரிக்கு வெளியே ஒரு டீக்கடையில், ஜெயித்தவர் ஆள் ஒருத்தன் தோற்றவர் ஆளைப் பளாரென்று அறைந்தான். அறை வாங்கியவன் கையிலிருந்த டீகூடச் சிந்தாமல் நின்றான். அதே நேரம் கல்லூரிக்கு உள்ளே, மூக்கு வரைக்கும் மாலை ஏறி மூச்சு விடத் திணறிக்கொண்டிருந்த மாசிலாமணியின் இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து வீங்கியது. மாலையில் இருந்த ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றார்கள் சுற்றி நின்றவர்கள். பூச்சிக்கு ஏது ஐந்து விரல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஜெயித்த இடத்தில் யார் அதையெல்லாம் கேட்பார்கள்.

அன்று சாயங்காலமே அது அஞ்சுகத்தின் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாசிலாமணி ஏரியைத் தூர்த்து பிளாட் போட்டு, கூசாமல் அதற்கு ஏரி நகர் என்றே பெயரும் வைத்த இடத்தில், இரண்டாவது குறுக்குத் தெருவில், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஏகாம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். தேர்தல் சரக்கை முட்ட முட்டக் குடித்துவிட்டு வந்த ஏகாம்பரம் வழக்கம்போல எதற்கோ அவள் முடியைப் பிடித்து, வழக்கம்போல முதுகில் சாத்தினான். பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக் காத்திருந்த அஞ்சுகத்துக்கு வலி வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் மறுபடி சாத்தினான். பக்கத்து வீட்டில் யாரோ பாய் தட்டுகிற மாதிரி சத்தம் மட்டும் கேட்டது. உலை பொங்கியதால் அவள் எழுந்து போய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்து, அவன் விட்ட இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தாள்.

சீக்கிரமே தொகுதிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. லாரி மோதினால், மாடு முட்டினால், வழுக்கி விழுந்தால் வலி அவரவர் பாடு. ஆனால் தொகுதி எல்லைக்குள் ஒரு மனுஷன் தெரிந்தே ஓர் உடம்புக்குக் கொடுக்கிற வலியும் காயமும், அது அடுத்தவன் உடம்போ தன் உடம்போ, அத்தனையும் எம்.பி. எங்கே இருந்தாலும் தேடிப்போய் அவர் மேல் விழுந்தது. ஏன் என்று ஜோசியர் ஒன்று சொன்னார், தர்காவில் மந்திரிக்கிறவர் ஒன்று சொன்னார், பேட்டரி கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருந்த நாயர் மட்டும், “பிரதிநிதின்னா நம்மளுக்குப் பதிலா நிக்கறவர்தானே, நிக்கறாரு, இதுல இன்னா அதிசயம்?” என்றார். அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உடைத்துக்கொண்டாலும் அது மாசிலாமணி மண்டைதானே.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூடலேரியை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை எடுத்தால் பிள்ளைகள் திரும்பிக் குனிந்து நின்றுகொண்டு சிரித்தார்கள், வாத்தியாரும் சிரித்துக்கொண்டே அடித்தார், தில்லியில் மாசிலாமணி உட்கார முடியாமல் நின்றுகொண்டே கூட்டத்தொடரை முடித்தார். தண்ணி லாரி வராவிட்டால் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டோரம் வரிசையாக நின்று தங்கள் கன்னத்தில் தாங்களே பட்பட்டென்று போட்டுக்கொண்டார்கள். உடனே தில்லியிலிருந்து அலறிக்கொண்டு போன் வரும், பின்னாலேயே லாரி வரும். நிஜமாகவே ஒருத்தனுக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தவன் அவனைத் தொகுதி எல்லை முடிகிற பைபாஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. “பாலத்துக்கு அந்தாண்ட வா, வெச்சுக்கறேன்” என்பது ஊரில் பெரிய மிரட்டலாகிவிட்டது. பெண்டாட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் போன புருஷன்களும் இருந்தார்கள். நாசமாய்ப் போனவர்கள்.

வலி இல்லை என்றதும் அடி குறைந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கை ஓங்குவது கொட்டாவி விடுகிற மாதிரி ஆயிற்று. சில்லறைக்கு அடித்தார்கள், சீரியல் மாற்றினதற்கு அடித்தார்கள், சும்மா போகிற போக்கில் அடித்தார்கள். உடம்பில் அடி வைக்க இடமில்லாமல் போன மாசிலாமணி அடுத்த தேர்தலில், சீட்டுக் கொடுக்க வந்த கட்சித் தலைவர் காலில் விழுந்து வேண்டாமென்று அழுதார்.

அவருக்குப் பிறகு வேதநாயகம் வந்தார். ரிட்டயரான போலீஸ் அதிகாரி, மலை மாதிரி உடம்பு, நான் பார்க்காத அடியா என்று மார் தட்டிக்கொண்டு ஜெயித்தவர். அவர் பார்த்த அடியெல்லாம் கொடுத்த பக்கத்திலிருந்து பார்த்தது. பதவி ஏற்ற வாரமே, தொகுதி போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில் யாரையோ தலைகீழாகக் கட்டிப் பாதத்தில் லத்தியால் விளாசினதில், அவர் உள்ளங்கால் பிளந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போன் போட்டு, “அடிக்காதீங்கடா, நான் உங்க பழைய ஐயாடா” என்று கெஞ்சினார். “நீங்க சொல்லிக்குடுத்ததுதானே ஐயா” என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஜீப்பில் பாலம் தாண்டிக் கூட்டிப்போக டீசல் கட்டுப்படியாகவில்லை என்றும் சொன்னார்கள்.

ஒரு நாள் மத்தியானம், சாமியார் மடம் தெருவில், அண்ணனும் தம்பியுமாக ஒரு மதில் சுவருக்காகச் சண்டை போட்டார்கள். தினமும் கட்டையாலும் கடப்பாரையாலும் அடித்துக்கொண்டு, அடித்த கையோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்தான். அன்றைக்கு அண்ணன் கையில் அரிவாள் இருந்தது. முதல் வெட்டில் தம்பி கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். தில்லியில், அவையில் ஏதோ கேட்க எழுந்த வேதநாயகம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு நடுவே சரிந்தார். இரண்டாவது வெட்டு தம்பியின் கழுத்திலேயே இறங்கியது. தம்பி விழுந்தான். அவன் எழுந்திருப்பான் எழுந்திருப்பான் என்று அரிவாளோடு அண்ணன் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான்.

எம்.பி. செத்தால் வலி வீடு திரும்பிவிடும் என்று கூடலேரி அப்படித்தான் கற்றுக்கொண்டது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. வருஷக்கணக்காகப் பழகின கை, இடைத்தேர்தல் வருகிற வரைக்கும் பழக்கத்திலேயே ஓங்கியது, பழக்கத்திலேயே இறங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் பெண்களையும் பிள்ளைகளையும் வராந்தாவில் படுக்க வைத்தார்கள். அப்படி ஒரு காலையில்தான் குழம்பில் உப்புக் கூடிப்போனது என்று ஏகாம்பரம் அஞ்சுகத்தின் காதோடு சேர்த்து ஒன்று விட்டான். அவள் சுருண்டு விழுந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது.

ஏகாம்பரம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“வலிச்சிச்சா?” என்று கேட்டான்.

“இல்ல, குளுகுளுன்னு கீது” என்றாள் அஞ்சுகம். அந்தக் காது அப்புறம் கேட்கவே இல்லை.

அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை, ஆட்டோ எடுக்கவில்லை. கூடலேரி சீட்டுக்கு ஆள் பிடிக்க முடியாமல் வட்டச் செயலாளர் புண்ணியகோடி, ஜிம்மில் எடை தூக்குகிற பையன்கள், மீன் மார்க்கெட் தடியன்கள் என்று தடித்த தோலாகத் தேடி அலைந்துகொண்டிருந்த நேரம் அது. ஏகாம்பரம் அவன் வீட்டு வாசலில் போய் நின்று, “நான் நிக்கறேன் தலைவரே” என்றான். புண்ணியகோடி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஆனந்தத்தில் அழுதான் என்றே சொல்வார்கள்.

ஏகாம்பரத்தை எதிர்த்து மருந்துக்குக்கூட ஒருத்தன் நிற்கவில்லை. அவன் எம்.பி. ஆனான். ஊருக்கு அவன் அன்றைக்கே ‘அவர்’ ஆனான். அஞ்சுகத்துக்கு அதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

முதலில் அவள் சந்தோஷப்பட்டாள், அதை மறைக்கவும் இல்லை. அவன் கூடத்தில் கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் அடுப்படியில் நின்று தன் தொடையில் நறுக்கென்று கிள்ளிக்கொள்வாள். கூடத்தில் ஒரு துள்ளல் கேட்கும். கரண்டியைச் சூடு பண்ணி முழங்கையில் வைத்துக்கொள்வாள். கூடத்தில் ஒரு ‘ஸ்ஸ்’ கேட்கும். ஒரு நாள் அவன் எழுந்து அடுப்படிக்கு வந்தான்.

“அஞ்சு, அது நீதானே?”

“ஆமா.”

“சரி” என்றான். “வெச்சிக்கோ.” திரும்பிப் போய்க் கூடத்தில் உட்கார்ந்தான்.

அவள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். மறுபடி வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இந்த மனுஷன் மேல் இரக்கம் வருகிறதே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அன்று வெந்நீரில் உப்புப் போட்டுத் துணியை நனைத்து அவன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அப்போதுதான் அந்த முதுகைச் சரியாகப் பார்த்தாள். தொகுதியே அங்கே கிடந்தது. இது பெல்ட்டு, இது தோசைத் திருப்பி, இது செருப்பு, இது ஒரு சின்னக் குழந்தைக்கு யாரோ வைத்த சூடு. அடி வாங்கின உடம்புக்கு அடியை அடையாளம் தெரியாதா. அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டார்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலையில் அவர் தன் பழைய ஷேர் ஆட்டோவையே எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். யார் வீட்டுச் சண்டை என்று ஊரில் விசாரித்துக்கொண்டு அந்த வாசலில் நின்று கூப்பிடுவார். வெளியே வந்தவனிடம் திட்டமாட்டார், புத்தி சொல்லமாட்டார். சட்டையைக் கழற்றித் திரும்பி நின்று, “இதுல உன்னுது எதுன்னு பாரு நைனா” என்பார். அவ்வளவுதான். அதட்டியிருந்தால் நீ மட்டும் யோக்கியமா என்று கேட்டிருப்பார்கள். அவர் யோக்கியமில்லை என்பது ஏரி நகருக்கே தெரியும். அதனால்தான் அவர் முதுகை அவர்களால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். சிலர் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கூடலேரியில் அடி குறைந்தது. ஒரேயடியாக இல்லை, ஏரி வற்றுகிற மாதிரி மெல்ல மெல்ல. ஓங்கின கை பாதியில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு இறங்க ஆரம்பித்தது. வாத்தியார் பிரம்பைக் கொடிக்குக் கம்பாக்கினார். எல்லையம்மன் கோயிலைக்கூட அவர்தான் திறக்க வைத்தார். தீமிதியில் யார் முதலில் இறங்குவது என்று மேலத் தெருவும் காலனியும் வெட்டிக்கொண்டதில், மாசிலாமணி காலத்துக்கும் முன்னாலேயே பூட்டி சீல் வைத்த கோயில் அது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே உதடு கிழிந்து உட்கார்ந்து பேசிப் பேசி, இரண்டு தெருவும் சேர்ந்தே இறங்குவது என்று முடித்து வைத்தார்.

ஆனால் உடம்பு என்ன இரும்பா. சிறுநீரோடு ரத்தம் போக ஆரம்பித்தது. பைபாஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

“போதும், எழுதிக் குடுத்துட்டு எறங்குங்க” என்றாள் அஞ்சுகம். மரியாதையாகப் பேச ஆரம்பித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

“எறங்கினா சீட்டு காலியாயிடும் அஞ்சு. காலியா இருந்தப்ப இன்னா ஆச்சுன்னு உன் காதைக் கேளு.”

“அந்தக் காது ஒண்ணும் சொல்லாது. எனக்கு நீங்க வேணும்.”

சொன்னபிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அவர் அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்தது எத்தனையோ அடி அடித்த கை. அதை அவள் விலக்கவில்லை. இந்த மனுஷன் பிழைத்து எழுந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று மட்டும் நினைத்தாள்.

கூடலேரியும் அதையேதான் நினைத்தது. அங்கேதான் வந்தது வினை. ஆடி மாசம், கோயில் திறந்து முதல் தீமிதி, எம்.பி. ஆஸ்பத்திரியில். ஜனம் சும்மா இருக்குமா? எங்க எம்.பி. பொழைக்கணும் ஆத்தா என்று மேலத் தெரு வேண்டிக்கொண்டது, காலனி வேண்டிக்கொண்டது, ஏரி நகரும் பேட்டரி கம்பெனி லேபரும் வேண்டிக்கொண்டார்கள். அலகு குத்துகிறேன், முதுகில் கொக்கி மாட்டி வேன் இழுக்கிறேன், பூ மிதிக்கிறேன் என்று வேண்டாதவர்களே இல்லை. நாயர் கடையில் ஒருத்தர், “குத்தினா அவருக்குப் படாதா?” என்று கேட்கத்தான் செய்தார். புண்ணியகோடி சிரித்தான். “அடி வேற, நேர்த்திக்கடன் வேறய்யா. அடி எம்.பி. பாடு, நேர்த்திக்கடன் ஆத்தா பாடு. ஆத்தாளுக்குப் போறது எப்பிடி வழியில எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவும்?” என்றான். நியாயமாகத்தான் பட்டது எல்லாருக்கும். அன்பாகச் செய்கிற காரியம் ஒருத்தனைக் கொல்லும் என்று யாருக்குத் தோன்றும்.

தீமிதியன்று மத்தியானம் ஏகாம்பரத்துக்கு அஞ்சுகம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் இடது கன்னத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. கஞ்சி அதன் வழியாக வெளியே வந்தது. வலது கன்னத்தில் இன்னொன்று. அவள் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் அவை பத்தாகி, கன்னம் சல்லடையாகி, முதுகுச் சதை கொக்கி மாட்டி இழுத்த மாதிரி மேலே எழும்பி எழும்பிக் கிழிந்தது. அவர் கத்தவில்லை, கத்துவதற்கு வாய் இல்லை. அஞ்சுகத்துக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நர்சைக் கூப்பிட்டு அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிக் கோயிலுக்கு ஓடினாள்.

கோயில் தெருவில் நுழைய முடியவில்லை. கன்னத்துக்குக் கன்னம் கம்பி பாய்ந்த முகங்கள், சிரித்த முகங்கள். கொக்கியில் வேனைக் கட்டி இழுத்தவன் ஆடிக்கொண்டே வந்தான். பம்பைச் சத்தத்தில் அவள் ஒற்றைக் காது அடைத்துப்போனது.

“புடுங்குடா” என்று ஒருத்தன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கம்பியைப் புடுங்குடா, அவரு செத்துக்கிட்டு கீறாரு.”

அவன் அவளைக் கும்பிட்டான். பக்கத்தில் நின்றவன், “வலியே இல்லியாம்க்கா, ஒரு சொட்டு ரத்தம் வரல பாருங்க. ஆத்தா ஏத்துக்கிட்டா” என்றான்.

“ஆத்தா இல்லடா, அவரு ஏத்துக்கிறாரு.”

ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஓம்சக்தி என்று ஒரு குரல் எழுந்தது, தெருவே அதை வாங்கிச் சொன்னது.

அக்கினிக் குண்டத்தின் முனையில் மஞ்சள் சேலைப் பெண்கள் வேப்பிலையோடு வரிசை கட்டி நின்றார்கள், ஒரு பக்கம் மேலத் தெரு, ஒரு பக்கம் காலனி, அவர் பேசி முடித்த மாதிரியே. புண்ணியகோடி ஈர வேட்டியோடு ஓடி வந்தான். “வாங்கக்கா, வாங்க. மொத அடி நீங்கதான் வெக்கணும். எம்.பி. சம்சாரம் எறங்கினாத்தான் ஆத்தாளுக்கே மனசு குளிரும்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

அஞ்சுகம் அவனை அறையக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அறைந்தால் அது எங்கே போய் விழும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். அவளால் ஒருத்தனைத் தள்ளக்கூட முடியாது, கடிக்க முடியாது, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழக்கூட முடியாது. உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்கும் இப்படி ஒரு கதி வந்திருக்காது. அவள் குண்டத்தின் வாயில் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டாள். “என்னைத் தாண்டாதீங்கம்மா, எறங்காதீங்கம்மா, உங்க புள்ளைங்க மேல ஆணை” என்று கெஞ்சினாள்.

அவளுக்குச் சாமி வந்துவிட்டது என்று புண்ணியகோடி கையைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான், அவள் மேல் மஞ்சள் தண்ணியை ஊற்றினார்கள், மாலையைப் போட்டார்கள், காலில் விழுந்து கும்பிட்டார்கள், கும்பிட்டுவிட்டுப் பயபக்தியோடு, அவள் மேல் கால் பட்டுவிடாமல் ஒவ்வொருத்தராகத் தாண்டிக் கனலுக்குள் இறங்கினார்கள். மஞ்சள் சேலை ஓரங்கள் அவள் முகத்தின் மேல் போய்க்கொண்டே இருந்தன. வேகாமல், வலிக்காமல், பூவை மிதிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு போனார்கள். வலிக்கக் கூடாதே, இன்னும் கொஞ்ச நேரம் இவர்களுக்கு வலிக்கக் கூடாதே என்று அஞ்சுகம் நெஞ்சுக்குள் அரற்றினாள். அவர்களுக்கு வலிக்காத வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார்.

குண்டத்தின் நடுவில் ஒரு பெண் அலறினாள்.

அப்புறம் எல்லாரும் அலறினார்கள். கனலுக்குள் இருந்தவர்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள், சேலை பற்றிக்கொண்டது. தெருவில் கம்பி பாய்ந்த வாய்கள் கத்த முடியாமல் குமுறின, சட்டைகளில் ரத்தம் கொட்டியது, வேனில் கட்டியிருந்தவன் முட்டி போட்டு முதுகைத் தடவித் தடவிப் பார்த்தான். பம்பை நின்றுவிட்டது. மேலத் தெருக்காரர்கள் காலனிப் பெண்களையும் காலனிக்காரர்கள் மேலத் தெருப் பெண்களையும் கையில் கிடைத்த மாதிரி இழுத்து வெளியே போட்டார்கள். அஞ்சுகமும் எழுந்து இரண்டு பேரை இழுத்தாள். தெரிந்தே கனலுக்குள் விட்ட அவள் முன்னங்கை வெந்தது, அவளுக்கே வலித்தது. அந்த வலியில் அவளுக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

புண்ணியகோடி அவள் பக்கத்தில் வந்து குந்தினான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே கலங்கியிருந்தது.

“அக்கா” என்றான் மெதுவாக. “ஜனம் துடிக்கறதப் பாருங்க. தொகுதி ஒரு நாளு காலியா கெடக்கக் கூடாதுக்கா. அண்ணன் எடத்துல நீங்கதான் நிக்கணும். உங்கள எதுத்து ஒருத்தனும் நிக்க மாட்டான்.”

அஞ்சுகம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வெந்த கையை ஓங்கி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவன் மண்ணில் உருண்டு விழுந்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு, அடிபட்ட குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதான். அந்த அறை தில்லிக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, விழுந்த கன்னத்திலேயே இருந்தது. அவள் உள்ளங்கையும் எரிந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, புருஷனை வாங்கிக்கொண்டு வர ஆஸ்பத்திரியைப் பார்க்க நடந்தாள்.